மாவிலைக்கு எது, இரத்தத்துக்கு எது: மெட்டபாலோமிக்ஸ் ஆய்வில் கருவித் தேர்வு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளில் மெட்டபாலோமிக்ஸ் திட்டம் எழுத உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, “மாதிரியை எந்தக் கருவிக்கு அனுப்பலாம்?” என்பதுதான். ஜிசி-எம்எஸ் (ஆவியாக்கிப் பிரித்து நிறை அளப்பது), எல்சி-எம்எஸ் (திரவத்தில் பிரித்து நிறை அளப்பது), என்எம்ஆர் (காந்தப்புலத்தில் அணுக்கருவின் சமிக்ஞையை அளப்பது) என்று மூன்று பெயர்கள் காதில் விழும். எது கைக்கெட்டுகிறதோ, எதற்குக் கட்டணம் குறைவோ அதற்கு அனுப்பிவிட்டு, வந்த பட்டியலைப் பார்த்து ஆய்வின் நோக்கத்தைப் பின்னால் எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. இது தலைகீழ் வேலை. முடிவுரையில் எந்த வாக்கியத்தை எழுத ஆசைப்படுகிறோமோ அதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியத்தைத் தாங்குகிற கருவி எது என்று பிறகு தேட வேண்டும். “இந்த இலையில் இந்தச் சேர்மம் இருக்கிறது” என்பது ஒரு வாக்கியம். “நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் இந்தப் பொருள் இவ்வளவு கூடியிருக்கிறது” என்பது வேறொரு வாக்கியம். இரண்டும் ஒரே கருவியைக் கேட்பதில்லை.

இலையிலோ இரத்தத்திலோ சிறுநீரிலோ அந்த நேரத்தில் இருக்கும் சிறு மூலக்கூறுகளை, தோராயமாக 1,500 டால்டனுக்குக் கீழ் எடை உள்ளவற்றை, முடிந்த மட்டும் ஒன்றாக அளப்பதுதான் மெட்டபாலோமிக்ஸ். சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு, ஆல்கலாய்டு, ஃபிளேவனாய்டு, சப்போனின் எல்லாம் இதில் அடக்கம். சில நீரில் கரையும், சில ஹெக்சேனில்தான் கரையும். ஒன்று மில்லிமோல் அளவில் கிடக்கும், பக்கத்தில் இன்னொன்று அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பிடிக்கிற கருவி எங்கும் இல்லை. எதை விட்டுவிடச் சம்மதிக்கிறோம் என்பதுதான் தேர்வு.

கருவி நம் ஊரில் இல்லையே என்ற கவலை வேண்டாம். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே இந்திய அறிவியல் கழகத்தின் என்எம்ஆர் ஆய்வு மையம் இருக்கிறது. என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு நிறுவன வளாகத்தில் உள்ள சி-கேம்ப் மையத்தில் நிறை நிறமாலை வசதி இருக்கிறது. சென்னைப் பக்கம் ஐஐடி மெட்ராஸின் சாய்ஃப் (பொதுக் கருவி மையம்) உண்டு. நாட்டில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது, வெளியாருக்குத் திறந்திருக்கிறதா என்று ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடலாம். நம் ஊரில் நம் கையில் இருக்கும் பொறுப்பு மாதிரிதான். அது கெட்டுப்போனால் எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

ஜிசி-எம்எஸ்: நல்ல கருவி, தவறான மாதிரி

ஜிசி-எம்எஸ் கருவியின் வாயில் பொதுவாக 250 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். அந்தச் சூட்டில் சிதையாமல் ஆவியாகிற பொருள் மட்டுமே உள்ளே போகும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நின்றுவிடும்.

சிறுகுறிஞ்சானை எடுத்துக்கொள்வோம். இலையை மெத்தனாலில் ஊறவைத்து, வடித்து, அப்படியே ஜிசி-எம்எஸ்-க்குக் கொடுத்தால் என்ன வரும்? ஹெக்சாடெகனாயிக் அமிலம், ஃபைட்டால், ஸ்குவாலீன், வைட்டமின் ஈ, லினோலெனிக் அமிலம். வேப்பிலையைக் கொடுத்தாலும், கொய்யா இலையைக் கொடுத்தாலும் பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பச்சையாக உள்ள எந்த இலையிலும் குளோரோஃபில் உண்டு, அதன் வால்தான் ஃபைட்டால். சிறுகுறிஞ்சானைச் சிறுகுறிஞ்சானாக்குவது நாக்கில் இனிப்பை மறைக்கும் ஜிம்னமிக் அமிலங்கள். அவற்றில் முதலாவதின் மூலக்கூறு எடை 807. சர்க்கரை அமிலம் ஒட்டிய அந்த ட்ரைடெர்பீன் ஆவியாவதற்கு முன்பே சிதைந்துவிடும். ஆக, மூலிகையின் தனித்தன்மைக்கே காரணமான பொருள் இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு, அதன் சர்க்கரைக் குறைப்புத் தன்மையை விளக்குகிறோம்.

பட்டியலில் இன்னும் மூன்று வகைப் பெயர்களைக் கண்டால் உஷாராக வேண்டும். ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபியூரல், டைஹைட்ராக்சி மெத்தில் பைரனோன் என்பவை பெரும்பாலும் இலைச் சாற்றின் சர்க்கரை கருவி வாயில் வெந்து உண்டானவை. தாலேட்டுகள் பிளாஸ்டிக்கிலிருந்து வந்தவை. நிறமாலையில் 149 என்ற நிறை எண்ணில் உச்சி ஓங்கி நிற்கும். சைலாக்சேன்கள் கருவியின் குழாயிலிருந்தும் அடைப்பு ரப்பரிலிருந்தும் கசிபவை. 73, 207, 281 என்று வரும். இவற்றை “மூலிகையில் கண்டறியப்பட்ட உயிர்ச்செயல் சேர்மம்” என்று எழுதினால், விஷயம் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த வரியோடு வாசிப்பதை நிறுத்திவிடுவார். வெறும் மெத்தனாலை அதே குப்பி, அதே வடிகட்டி வழியாக அனுப்பி ஒரு வெற்று ஓட்டம் எடுத்தால் தாலேட்டும் சைலாக்சேனும் அதிலேயே அகப்பட்டுவிடும்.

நிஸ்ட் நூலகத்தோடு (அறிந்த சேர்மங்களின் நிறமாலைத் தொகுப்பு) பொருத்தம் 1,000-க்கு 800-க்குக் கீழே இருந்தால் பெயர் எழுதாதீர்கள். 800-க்கு மேலே இருந்தாலும் சி8 முதல் சி40 வரையான ஆல்கேன் கலவையை அதே வெப்பநிலை நிரலில் ஓட்டித் தக்கவைப்புக் குறியீட்டைச் (சேர்மம் வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்ட எண்) சரிபார்க்க வேண்டும். டெர்பீன்களின் நிறமாலைகள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதால், குறியீடு இல்லாமல் அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தக் கருவிக்கு ஏற்ற வேலை எது? ஆவியாகும் எண்ணெய்கள், மாம்பழ வாசனை, ஓசூர் ரோஜாவின் மணம் போன்றவை. இரண்டாவது, சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் ஆகிய அடிப்படை மெட்டபாலைட்டுகள். ஆனால் அவற்றை ஆவியாகும் வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும். சாற்றை முழுக்க உலர்த்தி, பிரிடினில் கரைத்த மெத்தாக்சிஅமீன் ஹைட்ரோகுளோரைடு (மி.லி.-க்கு 20 மி.கி.) சேர்த்து 37 டிகிரியில் 90 நிமிடம் வைத்து, பிறகு எம்எஸ்டிஎஃப்ஏ என்ற வினைபொருள் சேர்த்து இன்னும் 30 நிமிடம் வைப்பது பரவலாக உள்ள முறை. இங்கே பகை ஈரம்தான். குப்பியில் ஒரு துளி நீர் இருந்தாலும் வினைபொருளை அது தின்றுவிடும், உச்சிகள் சுருங்கிவிடும். குளுக்கோஸ் இரண்டு உச்சியாக வருவது பிழை இல்லை, மெத்தாக்சிஅமீன் வினையில் இரு வடிவங்கள் உண்டாவதால் வருவது. இரண்டையும் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

எல்சி-எம்எஸ்: இயற்கைச் சேர்மம் தேடுகிறவர்களுக்கு

தாவரத்தில் இன்னும் அறியப்படாத சேர்மத்தைத் தேடுவதானாலும், அறிந்த சேர்மங்களை முதலிலேயே கழித்துவிட்டுப் புதியதைக் குறிவைப்பதானாலும், உயர் பிரிதிறன் கொண்ட எல்சி-எம்எஸ்/எம்எஸ்தான் (அயனியை உடைத்துத் துண்டுகளையும் அளப்பது) முதல் தேர்வு. க்யூடாஃப், ஆர்பிட்ராப் என்ற கருவி வகைகளில் எதுவானாலும் சரி. கழிக்கும் வேலை முக்கியமானது. இல்லாவிட்டால் ஆறு மாதம் உழைத்துப் பிரித்தெடுத்த பொடி கடைசியில் பல செடிகளில் ஏற்கெனவே தெரிந்த குவெர்செட்டின் என்று தெரியவரும்.

உள்ளூர்ப் பொருளையே பார்ப்போம். போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு ஏராளம். பெங்களூரா என்று நாம் சொல்லும் கிளிமூக்கு மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. தோப்பில் கவாத்து செய்த இலையும், ஆலையில் கழியும் தோலும் கொட்டையும் ஆய்வுக்குத் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். காட்டுச் செடிக்குத் தேவைப்படும் வனத்துறை அனுமதியும் இதற்குத் தேவையில்லை.

ஆறு மரம் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மரத்தின் இலையையும் தனித்தனி மாதிரியாக வைக்கவும். ஒரே சாற்றை மூன்று முறை ஊசியில் ஏற்றினால் அது கருவியின் நிதானத்தைத்தான் காட்டும், மரங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டாது. கொழுந்தையும் முற்றலையும் கலக்கக் கூடாது, மாவிலையின் முக்கியச் சேர்மமான மாங்கிஃபெரினின் அளவு இலையின் வயதோடு மாறும். உலர்ந்த பொடி 50 மி.கி., 80 சதவீத மெத்தனால் 1 மி.லி., அல்ட்ராசோனிக் தொட்டியில் 20 நிமிடம். தொட்டி நீர் சூடேறிக்கொண்டே போகும் என்பதால் பனிக்கட்டி போட்டு 30 டிகிரிக்குள் வைக்கவும். 12,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரை 0.22 மைக்ரான் பிடிஎஃப்இ வடிகட்டியில் வடித்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்து கண்ணாடிக் குப்பியில் கொடுக்க வேண்டும். நீர்க்காமல் கொடுத்தால் டிடெக்டர் நிறைந்துபோய், மாவிலையின் பெரிய உச்சிகள் தலை தட்டையாக வரும்.

பிரிக்கும் குழாய் சி18 வகை, 2.1-க்கு 100 மி.மீ., 2 மைக்ரானுக்குக் குறைவான துகள். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் அசிட்டோநைட்ரைல், இரண்டிலும் 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம். நிமிடத்துக்கு 0.3 மி.லி. ஓட்டம், 15 முதல் 20 நிமிட ஏற்றம் (அசிட்டோநைட்ரைலின் பங்கை மெல்லக் கூட்டுவது), ஊசியில் 2 மைக்ரோலிட்டர்.

எதிர் அயனி முறையில் (மூலக்கூறை எதிர்மின் அயனியாக்கி அளப்பது) மாங்கிஃபெரின் 421.077 என்ற நிறையில் வரும். அதை உடைத்தால் 331-உம் 301-உம் கிடைக்கும், அதாவது 90-உம் 120-உம் கழிகின்றன. சர்க்கரை கார்பனோடு நேரடியாகப் பிணைந்த கிளைகோசைடுகளின் அடையாளம் இது. ஆக்சிஜன் வழியாகப் பிணைந்திருந்தால் சர்க்கரை முழுசாக, 162 ஆகக் கழியும். இவ்வளவு தெரிந்த பிறகும் “மாங்கிஃபெரின் உறுதி” என்று எழுத முடியாது. ஐசோமாங்கிஃபெரினுக்கும் அதே எடை, அதே போன்ற துண்டுகள், சர்க்கரை ஒட்டிய இடம் மட்டும் வேறு. தூய மாங்கிஃபெரினை வாங்கி, அதே குழாயில் அதே நாளில் ஓட்டி, நேரமும் துண்டுகளும் ஒத்துப்போனால்தான் உறுதி. மெட்டபாலோமிக்ஸ் தர முன்முயற்சி 2007-இல் வகுத்த நான்கு நிலைகளில் இதுதான் முதல் நிலை. நூலகத்தோடு மட்டும் ஒத்துப்போனால் இரண்டாம் நிலை, சேர்மத்தின் வகை மட்டும் தெரிந்தால் மூன்றாம் நிலை. எந்தப் பெயருக்கு எந்த நிலை என்பதை அட்டவணையில் ஒரு பத்தியாகவே எழுதிவிடுங்கள். அது பலவீனத்தை ஒப்புக்கொள்வதாகாது, வாசகர் உங்களை நம்புவதற்கான வழி.

இன்னொரு மயக்கம் எண்ணிக்கை. மென்பொருள் “5,000 அம்சங்கள்” (நிறையும் நேரமும் சேர்ந்த உச்சிகள்) என்று காட்டும், 5,000 சேர்மம் என்று நினைத்துவிடக் கூடாது. மாங்கிஃபெரின் ஒன்றே 421.077-இலும், கார்பன்-13 சேர்ந்து 422.08-இலும், இரட்டையாகச் சேர்ந்து 843.16-இலும், கருவியின் அயனி மூலத்திலேயே உடைந்து 301-இலும் தலைகாட்டும். நேர் அயனி முறையில் 338.34 என்று ஓர் உச்சி எல்லா மாதிரியிலும் வந்தால் அது எரூகமைடு, பிளாஸ்டிக் குப்பியிலிருந்து வருவது. 44.026 இடைவெளியில் படிபடியாக உச்சிகள் வந்தால் பாலிஎத்திலீன் கிளைக்கால்.

தரவு வந்ததும் எம்எஸ்-கன்வர்ட் மென்பொருள் மூலம் எம்இசட்எம்எல் என்ற பொது வடிவத்துக்கு மாற்றி, எம்இசட்மைன் மென்பொருளில் உச்சிகளைப் பொறுக்கி, ஜிஎன்பிஎஸ் தளத்தில் மூலக்கூறு வலை போடலாம். மூன்றுமே இலவசம். உயர் பிரிதிறன் தரவுக்குத் தாய் அயனித் தாங்கெல்லை 0.02, கோசைன் (ஒப்புமை மதிப்பு) 0.7, பொருந்த வேண்டிய உச்சிகள் 6 என்று தொடங்கலாம். ஒத்த அமைப்புடையவை வலையில் ஒரு கொத்தாகச் சேரும். பெயர் தெரிந்த ஒன்றோடு ஒட்டிக்கொண்டு, நூலகத்தில் எங்கும் இல்லாத ஒரு புள்ளி நின்றால், பிரித்தெடுக்க வேண்டியது அதைத்தான். சிறுகுறிஞ்சானில் 805.438-ஐச் சுற்றி (ஜிம்னமிக் அமிலம் 1, எதிர் முறை) இப்படியொரு சப்போனின் கொத்து உருவாவதைப் பார்க்கிறபோதுதான், ஜிசி-எம்எஸ் பட்டியல் எவ்வளவை விட்டுவிட்டது என்பது புரியும்.

என்எம்ஆர்: குறைவாகப் பார்க்கும், ஆனால் மாற்றிச் சொல்லாது

என்எம்ஆரின் குறை உணர்திறன். 600 மெகாஹெர்ட்ஸ் கருவியிலும் சில மைக்ரோமோலாவது இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இலைச் சாற்றில் சில பத்து சேர்மங்களைத்தான் பெயர் சொல்ல முடியும். 3 முதல் 4 பிபிஎம் (என்எம்ஆர் அச்சின் அலகு) வரையான பகுதியைச் சர்க்கரை மூடிக்கொள்ளும். பதிலுக்கு அது தருவது பெரிது: உச்சியின் பரப்பு நேராகப் புரோட்டான் எண்ணிக்கைக்கு ஈடானது. எனவே அளவு தெரிந்து சேர்க்கும் ஒரே உள்தரப்பொருளை வைத்து எல்லாவற்றையும் அளவிடலாம். ஒரே நெறிமுறையில் பெங்களூருவில் எடுத்த நிறமாலையும் சென்னையில் எடுத்ததும் ஒத்துப்போகும். எல்சி-எம்எஸ்ஸில் இந்த உறுதி கிடையாது, அங்கே குழாய் மாறினாலே நேரம் மாறும்.

தாவரத்துக்கு 50 மி.கி. பொடியை டியூட்டீரியம் ஏற்றிய மெத்தனாலும் பிஎச் 6 பாஸ்பேட் கனநீர்க் கரைசலும் சரிபாதியாகக் கலந்த 1.5 மி.லி.-இல் பிரித்து, டிஎஸ்பி உள்தரப்பொருளோடு ஓட்டுவது நிலைபெற்ற முறை. மூலிகைப் பொடிகளின் தரத்தையும் கலப்படத்தையும் ஒப்பிட இதுவே போதும். பிரித்தெடுத்த புதிய சேர்மத்தின் அமைப்பை நிறுவ வேண்டிய கடைசிக் கட்டத்திலும் என்எம்ஆரைத் தவிர்க்க முடியாது. ஒன்றிரண்டு மில்லிகிராம் தூய பொருளைச் சேர்த்துவைக்கப் பார்க்கவும்.

நோய் கண்டறிதல்: இங்கே கேள்வியே வேறு

தாவர ஆய்வில் ஒரு மாதிரியில் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினால் வேலை நடக்கும். நோயில் அது போதாது. நூற்றுக்கணக்கானவர்களிடம், மாதக்கணக்கில், கருவி தன் அளவை மாற்றாமல் அளக்க வேண்டும். இதில் முழுமையாக வென்ற எடுத்துக்காட்டு பிறந்த குழந்தைப் பரிசோதனை. குதிகாலில் குத்தி எடுத்த இரத்தம் உலர்ந்த தாளில் 3.2 மி.மீ. வட்டம் வெட்டி, டேண்டம் நிறை நிறமாலையில் (எம்எஸ்/எம்எஸ்) ஓட்டினால், ஃபினைல்கீட்டோனூரியா, எம்சிஏடி குறைபாடு முதலான பல பிறவி வளர்சிதைக் கோளாறுகளை ஒரே ஓட்டத்தில் பிடிக்கலாம். இது ஏன் வென்றது? குறிவைத்த பொருள்கள் முன்பே தெரிந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஐசோடோப்பு ஏற்றிய உள்தரப்பொருள் உண்டு. நோயில் அளவு ஐந்து, பத்து சதவீதம் மாறுவதில்லை, பல மடங்கு ஏறுகிறது.

நீரிழிவு, புற்றுநோய் பக்கம் வந்தால் தரை இவ்வளவு உறுதியாக இல்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நெடுநாள் ஆய்வுக் குழுவில் சர்க்கரை இயல்பாக இருந்த 2,422 பேரை 12 ஆண்டுகள் தொடர்ந்ததில் 201 பேருக்கு நீரிழிவு வந்தது. ஐசோலியூசின், லியூசின், வாலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய ஐந்தும் நோய் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்களிடம் கூடியிருந்ததாக 2011-இல் வெளியானது. பிற மக்கள் குழுக்களிலும் இது திரும்பக் காணப்பட்டது. 2009-இல் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் குறியீடாகச் சொல்லப்பட்ட சார்க்கோசினோ பிற்பாடு வந்த ஆய்வுகளில் முன்னுக்குப்பின் முரணாகிப் போனது.

20 நோயாளி, 20 நலமானவர் என்று எடுத்து எல்சி-எம்எஸ்ஸில் 3,000 அம்சம் அளந்தால், நோய்க்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் 0.05 என்ற எல்லையில் சுமார் 150 அம்சங்கள் “குறிப்பிடத்தக்கவை” என்று வரும். பல்சோதனைத் திருத்தம் செய்தே ஆக வேண்டும். பிஎல்எஸ்-டிஏ என்ற புள்ளியியல் முறையின் படத்தில் இரு குழுவும் அழகாகப் பிரிவது சான்று ஆகாது. அந்த முறை பிரித்துக் காட்டுவதற்கென்றே ஆனது. குழுப் பெயர்களைக் குலுக்கிப் போட்டு ஆயிரம் முறை சோதித்து, அதற்கும் மேலாக வேறொரு மருத்துவமனை மாதிரியில் நின்றால்தான் பேசலாம்.

பரிசோதனையாக மாற்ற நினைப்பவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். நூற்றில் ஒருவருக்கு உள்ள நோய்க்கு 90 சதவீத உணர்திறனும் (நோயுள்ளவரைப் பிடிப்பது) 90 சதவீதத் தனித்தன்மையும் (நோயில்லாதவரை விடுவது) உள்ள சோதனையைப் பத்தாயிரம் பேரிடம் செய்தால், நோயுள்ள 100 பேரில் 90 பேர் அகப்படுவர். நோயில்லாத 990 பேரும் கூடவே அகப்படுவர். நேர்மறை என்று சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் நோய் இருக்கும். மற்றவர்களின் அலைச்சலுக்கும் பயத்துக்கும் யார் பொறுப்பு என்பதையும் திட்டத்தில் யோசிக்க வேண்டும்.

நம் பக்கத்து நீரிழிவு ஆய்வில் குழுத் தேர்வே பெரும் பொறி. நோயாளிகள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், நலமானவர்கள் இல்லை. நேர் முறையில் 130.109-இல் ஓங்கி நிற்பது மெட்ஃபார்மின். அதை “நீரிழிவுக் குறியீடு” என்று மென்பொருள் முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். மருந்து தொடங்காத புது நோயாளிகளைச் சேர்க்க முடிந்தால் நல்லது. ஒரு குழு களி சாப்பிட்டுவிட்டும் மற்றது வெறும் வயிற்றிலும் வரக் கூடாது. வயது, பால், உடல் பருமன், இரத்தம் எடுத்த நேரம், பாராசிட்டமால் உட்பட மூன்று நாள் மருந்து, எல்லாம் படிவத்தில் ஏற வேண்டும். நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துளியும் எடுக்கக் கூடாது.

இதற்குக் கருவி? முதல் சுற்றில் பரந்து பார்க்க வேண்டும், கூட்டம் 200-க்கு மேல், மாதிரிகள் பல மாதம் பிடித்து வரும் என்றால் என்எம்ஆர். எந்தப் பொருள் என்று ஏற்கெனவே தெரியும், அதை நம் மக்களிடம் சரிபார்க்க வேண்டும் என்றால் ட்ரிப்பிள் குவாட்ரபோல் என்ற எல்சி-எம்எஸ் வகைக் கருவியில் ஐசோடோப்பு உள்தரப்பொருளோடு குறிவைத்த அளவீடு. சிறு கல்லூரிக் குழுவுக்கு என் கணிப்பில் ஏற்றது இந்த இரண்டாவதுதான். குறிவைக்காத எல்சி-எம்எஸ்ஸை நோய் ஆய்வுக்கு எடுக்கிறவர்கள், எல்லா மாதிரியிலிருந்தும் சிறிது எடுத்துக் கலந்த தரக்கட்டுப்பாட்டு மாதிரியை ஒவ்வோர் ஐந்து முதல் பத்து ஊசிக்கு ஒருமுறை ஓட்டியே தீர வேண்டும். நோயாளி முதல் நாள், நலமானவர் மறுநாள் என்று ஓட்டிவிட்டால் நாளின் வேறுபாடே நோயின் வேறுபாடாகத் தெரியும். வரிசையைக் குலுக்கித்தான் போட வேண்டும்.

ஃபுளோரைடு பற்றி

நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆய்வு என்றதும் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவது) நினைவுக்கு வருவது இயல்பு. நிலத்தடி நீரில் 1.5 மி.கி./லிட்டர் என்ற எல்லையைத் தாண்டும் ஊர்கள் இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் ஃபுளோரைடு ஓர் எளிய அயனி. மேலே சொன்ன மூன்று கருவிகளும், மேலே சொன்ன முறைகளில், அதை அளக்காது. நீரிலும் சிறுநீரிலும் அதை அளக்க அயனி தேர் மின்முனையும் டைசாப் என்ற தாங்கல் கரைசலும் போதும், கல்லூரி ஆய்வகத்திலேயே முடியும். யாருக்கு எவ்வளவு உடலில் ஏறியிருக்கிறது என்ற கேள்விக்கு மெட்டபாலோமிக்ஸ் தேவையே இல்லை. ஏறிய பிறகு சிறுநீரகமோ எலும்போ எப்படிப் பாதிக்கப்படுகிறது என்ற கேள்வி வந்தால் அப்போது சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கிறபோது சாம்பல் மூடிக் குழாயில் இரத்தம் எடுத்துவிடாதீர்கள். அதில் இருப்பதே சோடியம் ஃபுளோரைடு.

மாதிரி பெங்களூரு போய்ச் சேரும் வரை

இரத்தத்தைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் குறையும், லாக்டேட் ஏறும். சித்திரை வெயிலில் பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு வருவதற்குள் முடிவு மாறிவிடும். பனிக்கட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து, 200 மைக்ரோலிட்டர் பங்குகளாக்கி, மைனஸ் 80-க்குக் கொண்டுபோக வேண்டும். என்எம்ஆர் என்றால் ஹெப்பாரின் குழாய். மற்றொரு உறைதல் தடுப்பானான இடிடிஏ தன் சொந்த உச்சிகளை 2.5 முதல் 3.7 பிபிஎம் வரை போட்டு வைக்கும். எல்லோருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வகைக் குழாய்.

இலையில் பறித்த பிறகும் நொதிகள் வேலை செய்யும். நிழலில் ஒரு வாரம் காய்ந்த இலை மரத்தில் இருந்த இலை இல்லை. திரவ நைட்ரஜனில் உடனே உறைய வைப்பது உத்தமம். நம் ஊர்களில் அது அன்றாடம் புழங்கும் இடம் மாட்டுக்குச் சினை ஊசி போடும் மையங்கள்தான். அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் வழி கிடைக்கும். மூடிய காரிலோ பேருந்திலோ அதைக் கொண்டுபோகக் கூடாது, ஆவி மூச்சை அடைத்துவிடும். உலர்பனியும் அப்படியே. தெர்மோகோல் பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டினால் வெடிக்கும். இதற்கெல்லாம் வசதி இல்லாவிட்டால் எல்லா மாதிரியையும் ஒரே முறையில், 40 டிகிரி அடுப்பில் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடி அனுப்புங்கள். முழுமையானதல்ல என்றாலும், எல்லாம் ஒரே மாதிரி என்பதால் ஒப்பிடலாம்.

அனுப்புமுன் ஒரு டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தட்டு போட்டுவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும். சிலிக்கா தட்டில் சாறுகளை வரிசையாக வைத்து, அனிசால்டிஹைடு-கந்தக அமிலம் தெளித்து, 105 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கினால், ஆறில் ஒன்று வேறு செடி என்பது இங்கேயே தெரிந்துவிடும். செடியின் அழுத்திய மாதிரியைக் கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையில் காட்டி அடையாளச் சான்று வாங்கிக்கொள்ளவும். மேலகிரிக் காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் வருகிறது. அங்கே ஓர் இலை பறிக்கவும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் தேசியப் பல்லுயிர் ஆணைய விதிகளை அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எதைத் தேர்வது

தாவரத்தில் புதிய சேர்மம் என்றால் எல்சி-எம்எஸ்/எம்எஸ், பின்னால் என்எம்ஆர். வாசனை, எண்ணெய் என்றால் ஜிசி-எம்எஸ், தக்கவைப்புக் குறியீட்டோடு. பணம் ஒரு கருவிக்கு மட்டும்தான் என்றால், ஜிசி-எம்எஸ்ஸில் நாற்பது மாதிரி ஓட்டுவதைவிட எல்சி-எம்எஸ்/எம்எஸ்ஸில் பன்னிரண்டு மாதிரியை வெற்று ஓட்டங்களோடும் தரக்கட்டுப்பாட்டோடும் ஓட்டுவது மேல். நோய் என்றால் முதலில் ஆட்களை எண்ணுங்கள். இரு பக்கமும் ஐம்பதுகூடத் தேறாது என்றால் குறிவைத்த அளவீட்டோடு நிறுத்திக்கொண்டு, தெரிந்த ஐந்து அமினோ அமிலங்களைத் துல்லியமாக அளந்து வெளியிடுங்கள். அது நிற்கும்.

ஆய்வகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது பணம் கட்டுவதற்கு முன்பே இவற்றைக் கேளுங்கள்: கருவியின் மூலக் கோப்புகள் கிடைக்குமா, வெற்று ஓட்டங்களையும் தரக்கட்டுப்பாட்டு ஓட்டங்களையும் சேர்த்துத் தருவார்களா, எம்எஸ்/எம்எஸ் எடுப்பார்களா அல்லது முழு வருடல் மட்டுமா, நம் வரிசையிலேயே ஓட்டுவார்களா, குழாய், கரைப்பான், ஏற்றம் எல்லாம் எழுத்தில் கிடைக்குமா. பெயர்ப் பட்டியல் போட்ட பிடிஎஃப் மட்டும்தான் தருவோம் என்று பதில் வந்தால் வேறு ஆய்வகம் பாருங்கள். மூலக் கோப்பு இல்லாமல் ஜிஎன்பிஎஸ்ஸில் வலை போட முடியாது, மெட்டபோலைட்ஸ் போன்ற களஞ்சியத்தில் தரவைப் போட்டுவைக்க முடியாது, மதிப்பீட்டாளர் ஓர் உச்சியைக் காட்டச் சொன்னால் காட்டவும் எதுவும் இருக்காது.